ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடுவது எப்படி?

'ஒன்' நம் 'ஒன்று'விலிருந்து போனது, 'எய்ட்' நம் 'எட்டு', 'கேஷ்' நம் 'காசு'. இப்படி ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து சேராத தமிழர் குறைவு. அதில் ஒன்றிரண்டு பாதி உண்மை, மற்றவை வெறும் ஒலி மயக்கம். எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க மொழியியல் பட்டமெல்லாம் வேண்டாம். நல்ல அகராதிகள் இரண்டு மூன்று, கொஞ்சம் பொறுமை, காதில் விழும் ஒற்றுமையை உடனே நம்பிவிடாத சுபாவம், இவ்வளவு இருந்தால் போதும். எங்கே தொடங்கி எப்படிப் போவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தச் சொல்லைத் தேடுகிறீர்கள்?

கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு மூன்று தனித்தனிச் சொற்கள் இருப்பது ஆங்கிலத்தில் சாதாரணம். நாய் குரைப்பதும் 'பார்க்', மரப்பட்டையும் 'பார்க்'. முன்னது பழைய ஆங்கிலத்திலிருந்தே இருப்பது, பின்னது வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் கொண்டுவந்த நார்ஸ் மொழிச் சொல். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அகராதிகள் இப்படிப்பட்ட சொற்களைத் தலைக்கு மேல் சின்னதாக 1, 2 என்று எண் போட்டுத் தனிப் பதிவுகளாகக் கொடுக்கும். அந்த எண்ணைக் கவனிக்காமல் கீழே இறங்கக் கூடாது.

'கேஷ்' இதற்கு அருமையான உதாரணம். பெரிய அகராதியைத் திறந்தால் இரண்டு பதிவுகள் இருக்கும். முதல் 'கேஷ்' ரொக்கப் பணம். அது பிரெஞ்சின் 'கேஸ்', இத்தாலியின் 'காஸ்ஸா' வழியாக வந்தது. அவற்றின் பொருள் பெட்டி, குறிப்பாகப் பணப்பெட்டி. அதற்கும் பின்னால் லத்தீன் 'காப்ஸா' நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பெட்டியையும் அதற்குள் இருந்த பணத்தையும் சேர்த்தே குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் உதிர்ந்து பணம் மட்டும் மிஞ்சியது. 'கேஸ்' என்ற பெட்டியும், மருந்துக் 'கேப்சூல்' என்பதும் இதே குடும்பம்தான்.

இரண்டாவது 'கேஷ்', இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். இதுதான் நம் 'காசு'. போர்ச்சுகீசியர் வாயில் 'கைஷா' என்று மாறி ஆங்கிலத்துக்குப் போனது. ஆகவே "கேஷ் தமிழ்ச் சொல்லா?" என்று யாராவது கேட்டால், எந்தக் கேஷ் என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில். கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் தமிழ் இல்லை.

இன்னொரு சின்ன வேலை: ஒட்டுகளைக் கழற்றிவிடுங்கள். 'அன்பிலீவபிள்' என்பதற்குத் தேட வேண்டியது 'பிலீவ்'தான். முன்னொட்டுக்கும் பின்னொட்டுக்கும் அகராதியில் தனிப் பதிவுகள் உண்டு.

எதில் பார்ப்பது?

இலவசமாகத் தொடங்க எட்டிமான்லைன் போதும். டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தனி ஆளாகத் தொடங்கிய இணைய அகராதி இது. ஒரு சொல்லின் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடும். மெரியம்-வெப்ஸ்டர் தளத்தில் பெரும்பாலான சொற்களுக்கு முதல் பயன்பாட்டு ஆண்டு இருக்கும். ஆங்கில விக்சனரியும் மோசமில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், அங்கே கிடைத்ததை இன்னோர் இடத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கடைசித் தீர்ப்புக்குப் போக வேண்டிய இடம் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி. 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல்தான் முழுமை அடைந்தது. ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்தவற்றில் மிகப் பழைய மேற்கோளிலிருந்து தொடங்கி, ஆண்டு வரிசையில் வாக்கியங்களை அடுக்கியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் புத்தகங்களைப் படித்துத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பிய மேற்கோள்களால் கட்டிய அகராதி அது. இணையத்தில் முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும், ஆனால் பல நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு அதைத் திறந்துவிடுகின்றன.

இந்தியச் சாயல் உள்ள சொல் என்றால் ஹாப்சன்-ஜாப்சனை விடாதீர்கள். ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல் தொகுப்பு. விளக்கங்கள் சில இடங்களில் பழசாகிப்போனாலும் அதில் உள்ள பயணிகளின் மேற்கோள்கள் இன்றும் தங்கம். தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்க சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கின்றன. பின்னதில் 1984இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். இவை எல்லாமே இணையத்தில் தேடலாம்.

பதிவைப் படிக்கும் விதம்

புதிதாக வருபவர்களுக்கு அகராதியின் சொற்பிறப்பு வரி மிரட்சியாக இருக்கும். குறிகள் நாலைந்துதான், ஒருமுறை பழகிவிட்டால் போதும். < என்ற குறி 'இதிலிருந்து வந்தது' என்று பொருள்படும். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி (*) இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் ஊகித்து மீட்ட வடிவம் என்று அர்த்தம். பழைய ஆங்கிலம் என்றால் தோராயமாக 1150 வரை, இடைக்கால ஆங்கிலம் என்றால் அங்கிருந்து 1500 வரை.

ஆபத்தானது 'ஒப்பிடுக' என்று பொருள்படும் குறிப்பு. அதில் சொல்லப்படும் வேற்று மொழிச் சொல் மூலமாக இருக்க வேண்டியதில்லை. சகோதரச் சொல்லாக இருக்கலாம், வெறும் ஒத்த வடிவமாகவும் இருக்கலாம். பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் பதிவில் 'ஜெர்மன் வடிவத்தை ஒப்பிடுக' என்று இருந்தால், ஆங்கிலம் அதை ஜெர்மனிலிருந்து வாங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். அக்காள் தங்கையை அம்மா மகள் ஆக்குவது போன்ற வேலை இது.

'ஆரஞ்சு' என்ற சொல்லை எடுத்துப் பின்னோக்கி நடந்து பாருங்கள். இடைக்கால ஆங்கிலம், அதற்கு முன் பழைய பிரெஞ்சு, அதற்கு முன் அரபு 'நாரஞ்ஜ்', அதற்கு முன் பாரசீகம் 'நாரங்', அதற்கு முன் சமஸ்கிருதம் 'நாரங்க'. அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன; நம் 'நார்த்தங்காய்' நினைவுக்கு வருகிறதல்லவா? முதலில் இருந்த 'ந' எங்கே போனது? ஐரோப்பாவில், முன்னால் வரும், 'ஒரு' என்று பொருள்படும் 'உன்' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போனது. ஸ்பானியத்தில் இன்றும் அந்தப் பழத்தின் பெயர் 'ந'வில்தான் தொடங்குகிறது. கவனியுங்கள், அகராதி 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறது. நீங்கள் வேறு இடத்தில் எடுத்து எழுதும்போதும் அந்த 'லாம்' உதிர்ந்துவிடக் கூடாது. வாட்ஸ்அப் பட்டியல்கள் செய்யும் முதல் பாவம் அதை உதிர்ப்பதுதான்.

தேதியைப் பிடியுங்கள்

ஒரு கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அதற்குத் தேதி கேட்க வேண்டும். 'நியூஸ்' என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கின் முதலெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. 'நியூ' என்றால் புதியது, அதன் பன்மைதான் 'நியூஸ்'; புதியவை, புதுச் சேதிகள். பிரெஞ்சில் இதே மாதிரி அமைந்த சொல்லைப் பார்த்து 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. பழைய ஏடுகளில் அதன் எழுத்துக்கூட்டே வேறு, நடுவில் இன்னொரு 'ஈ' எழுத்தும் சேர்ந்து 'நியூவெஸ்' என்பதுபோல் இருக்கும். அந்த எழுத்துக்கு எந்தத் திசையைச் சொல்வது?

முதலெழுத்துக் கதைகளுக்குப் பொதுவான மருந்து ஒன்று உண்டு. முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக உச்சரிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ரேடார், லேசர் எல்லாம் அந்த வகை. அதற்கு முந்தைய சொல்லுக்கு முதலெழுத்து விளக்கம் வந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டலில் கொடுக்கும் 'டிப்', பணக்காரத்தனத்தைக் குறிக்கும் 'பாஷ்' இரண்டுக்கும் இப்படிக் கதைகள் உலவுகின்றன. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

ஆனால் 'ஓகே' உண்மையிலேயே முதலெழுத்துதான். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே ஓ, கே எழுத்துகளில் தொடங்கும்படி தப்பும் தவறுமாக எழுதி அதைச் சுருக்குவது அக்காலத்து இதழ்களில் ஒரு கேலி விளையாட்டு. ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் பழைய நாளிதழ்களைக் குடைந்து இதை நிறுவினார். அச்சான அடுத்த ஆண்டே, அதாவது 1840இல், அமெரிக்க அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் ப்யூரனின் பட்டப்பெயரோடு இந்த இரண்டெழுத்தும் பொருந்திப்போக, நாடெங்கும் பரவியது. நியூஸ் கதைக்கும் ஓகே கதைக்கும் வித்தியாசம் இதுதான்: இரண்டாவதற்கு நாள், இதழ், அதே மாதிரியான பிற கேலிச் சுருக்கங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

நீங்களே பழைய புத்தகங்களில் தேட விரும்பினால் கூகுள் புக்ஸ் இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: பருவ இதழ்களுக்கு அது காட்டும் ஆண்டு பல சமயம் அந்த இதழ் தொடங்கிய ஆண்டாக இருக்கும். தலைப்புப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் ஆண்டைக் குறிக்காதீர்கள். அகராதி தரும் முதல் ஆண்டும் சொல் பிறந்த ஆண்டு கிடையாது. இதுவரை எழுத்தில் அகப்பட்டதில் பழையது, அவ்வளவே.

பழைய வடிவத்தை எடுத்து வையுங்கள்

இனி 'எய்ட்' விவகாரத்துக்கு வருவோம். இன்றைய 'எய்ட்'டையும் இன்றைய 'எட்டு'வையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். ஒப்பிட வேண்டியது இரண்டின் பழைய வடிவங்களை.

ஆங்கிலத்தில் இன்றும் அந்தச் சொல்லின் நடுவில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்துகள் ஒலிக்காமல் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அவை தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலியாக ஒலித்தன. பழைய ஆங்கிலத்தில் அது 'எஅஹ்த'. ஜெர்மனில் 'அஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ', கிரேக்கத்தில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. ரோமானியப் பழைய நாள்காட்டியில் எட்டாம் மாதமாக இருந்ததால்தான் அக்டோபருக்கு அந்தப் பெயர். இந்தக் குடும்பம் முழுக்க நடுவில் ஒரு 'க்' அல்லது அதன் வாரிசு இருக்கிறது.

தமிழ்ப் பக்கம் பாருங்கள். எட்டு, ஆனால் எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் 'எண்டு'. அடியில் இருப்பது 'எண்'. 'ட'வுக்கு முன்னால் ஒரு காலத்தில் இருந்தது 'ண்'. 'க்' ஒலிக்கு அங்கே இடமே இல்லை. ஆக, பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. உறவுள்ள சொற்கள் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும்.

'ஒன்'னும் இதே கதைதான். முன்னால் ஒலிக்கும் 'வ' இடைக்காலத்தின் கடைசியில் சில வட்டாரங்களில் முளைத்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. 'ஓன்லி', 'அலோன்' என்ற சொற்களில் 'வ' இல்லாத பழைய ஒலியின் சாயல் இன்னும் இருக்கிறது.

எழுத்துக்கூட்டு எப்போதும் உண்மை சொல்லும் என்றும் நினைக்க வேண்டாம். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' இருக்கிறதே, அது இடைக்கால ஆங்கிலத்தில் இல்லை. லத்தீன் மூலத்தை நினைவூட்டப் படித்தவர்கள் பின்னால் சொருகியது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதில் உள்ள 'எஸ்' அதைவிட மோசம். அது பழைய ஆங்கிலச் சொல். பிரெஞ்சிலிருந்து வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு 'எஸ்' சேர்த்துவிட்டார்கள்.

அப்படியானால் உண்மையான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சொல்லில் தெரியும் ஒற்றுமை எதையும் நிரூபிக்காது. ஒலிமாற்றம் வரிசையாகப் பல சொற்களில் திரும்பத் திரும்ப வர வேண்டும். டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் 1818இல் கவனித்ததை, ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திச் சொன்னார் (தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரேதான்). லத்தீனில் 'ப' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஃப': தந்தை லத்தீனில் 'பாட்டர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'; மீன் 'பிஸ்கிஸ்', 'ஃபிஷ்'. லத்தீனில் 'க' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ': நாய் 'கானிஸ்', 'ஹவுண்ட்'. இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையான முடிவுகள் கிடைக்கும். ஆங்கில 'ஹேவ்', லத்தீன் 'ஹபேரெ' இரண்டுக்கும் பொருள் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் உறவு கிடையாது. 'ஹேவ்' என்பதற்கு லத்தீனில் உறவுச் சொல் 'காபேரெ', பொருள் பிடிப்பது.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்பட்ட ம்பபாரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. அந்த மொழியை ஆராய்ந்த ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன், ஆங்கிலக் கலப்பு என்று நினைக்கத் தோன்றும் இச்சொல் அந்த வட்டார மொழிகளின் 'குடக' போன்ற பழைய வடிவத்திலிருந்து ஒலிகள் தேய்ந்து தேய்ந்து வந்தது என்று காட்டினார்.

யார் கொண்டுபோனார்கள்?

கடன் சொல் என்றால் யாராவது அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும். கட்டுமரம் விஷயத்தில் சந்தேகமே இல்லை: வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையில் அந்தப் பெயரில் மரங்களைப் பிணைத்து ஓட்டுவதை விவரிக்கிறார். இடம், பொருள், ஆள், ஆண்டு நாலும் பொருந்துகின்றன. சுருட்டு 'ஷெரூட்' ஆனதும், தேக்கு போர்ச்சுகீசியர் வழியாக 'டீக்' ஆனதும் இப்படித்தான். டீக்குக்கு உடனடி மூலமாக அகராதிகள் பெரும்பாலும் மலையாளத்தைக் காட்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றதோ அந்தக் கரையின் பேச்சுதான் ஏறும்.

பாதை நீளமானால் முகமே மாறிவிடும். ஆங்கில 'ஜிஞ்சர்', லத்தீன் 'சிங்கிபெரி', கிரேக்கம் 'சிங்கிபெரிஸ்', பாலி 'சிங்கிவேர'. அதன் அடியில் இருப்பது இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடத் தொடர் என்பதை அறிஞர்கள் பரவலாக ஏற்கிறார்கள். சமஸ்கிருதத்தில் 'கொம்பு போன்ற உடல்' என்று சொல்லப்பட்ட விளக்கம் பிற்பாடு பொருத்திக்கொண்டது. 'எய்ட்'டை விட்டுவிட்டதற்கு ஈடாக இதை வைத்துக்கொள்ளலாம், ஒலியில் அவ்வளவாக ஒற்றுமை இல்லை என்றாலும்!

பொருள் தனியாக நடக்கும்

சொல் வந்த வழியைக் கண்டுபிடித்தாயிற்று என்றால் வேலை பாதிதான் முடிந்தது. பொருள் எப்படி நகர்ந்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும். 'நைஸ்' லத்தீனில் 'அறியாத' என்ற பொருள் தரும் சொல்லின் வழித்தோன்றல். ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள் என்று பொருள். அப்புறம் அளவுக்கு மீறி நாசூக்கு பார்ப்பவர், நுணுக்கமானது என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையானது என்ற இடத்துக்கு வந்தது. 'சில்லி' நேரெதிராகப் போனது: பாக்கியம் பெற்றவர், கள்ளமற்றவர், பாவம் பரிதாபத்துக்குரியவர், கடைசியில் அசடு. அதற்காக 'உண்மையில் நைஸ் என்றால் முட்டாள்' என்று யாரையும் திருத்தப் போகாதீர்கள். இன்று மக்கள் எந்தப் பொருளில் சொல்கிறார்களோ அதுதான் இன்றைய பொருள். கட்டுமரமும் அப்படித்தான், பெயர் தமிழ், ஆனால் இன்று ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அந்த வடிவமைப்பு நம் கரையின் பிணைத்த மரங்களைவிட பசிபிக் தீவுகளின் படகுகளுக்கு நெருக்கமானது.

தெரியவில்லை என்றால்

'டாக்', 'கேர்ள்', 'பாய்', 'பிக்' போன்ற அன்றாடச் சொற்களுக்கே அகராதிகள் 'பிறப்பு தெரியவில்லை' அல்லது 'உறுதியில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை. நூறாண்டுக்கு மேல் தேடிப் பார்த்து, சொல்லப்பட்ட விளக்கங்களில் எதுவும் தேறவில்லை என்ற முடிவு அது. அந்த வெற்றிடத்தைக் கண்டதும் ஒரு தமிழ் வேரைச் சொருகும் ஆசை வரும். சொருகுவதற்கு முன் மேலே சொன்ன நான்கையும் கேளுங்கள்: பழைய வடிவம் என்ன, தேதி என்ன, யார் கொண்டுபோனார்கள், பொருள் எப்படி நகர்ந்தது. நான்கில் இரண்டுக்காவது பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கண்டதைக் குறித்து வைக்க நீண்ட கட்டுரை வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

சொல்: ஷெரூட். இன்றைய பொருள்: இரு முனையும் நறுக்கிய சுருட்டு. ஆங்கிலத்தில் முதலில்: 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வழி: பிரெஞ்சு அல்லது போர்ச்சுகீசியம். மூலம்: தமிழ் 'சுருட்டு'. உறுதி: மூலம் உறுதி, இடைவழி இரண்டில் ஒன்று. பார்த்த அகராதிகள், பார்த்த நாள்.

கடைசியில் உள்ள நாளை விட்டுவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி 2000ஆம் ஆண்டிலிருந்து தன் பதிவுகளை இணையத்தில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறது. முதல் ஆண்டுகள் பின்னுக்குப் போகின்றன, சில பிறப்பு விளக்கங்களே மாறுகின்றன. நீங்கள் எழுதியதை ஒருவர் சில ஆண்டுகள் கழித்துச் சரிபார்த்து வேறு ஆண்டைக் கண்டால், தப்பு யாருடையது என்று அந்த ஒரு தேதிதான் சொல்லும்.